அண்ணன்மாரை உயிரோடு ஊர் திரும்பச் செய்த தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

எல்லையோர வட்டங்களின் பள்ளி மாணவர்கள் தம் வீட்டிலும் ஊரிலும் கேட்ட கதைகளைத் திரட்டி நூலாக்கும் தேர்வுக் குழுவினருக்கு,

நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர். எங்கள் மாணவர்கள் அனுப்பிய கதைகளுள் சிலவற்றைத் தாங்கள் திருப்பி அனுப்பினீர்கள். வருத்தம் இருந்தாலும், தேர்ந்தெடுப்பது தங்கள் உரிமை என்று இருந்துவிட்டேன். ஏற்றுக்கொண்ட ஒரு கதையின் முடிவை மாற்றி, மாற்றியதை அந்த மாணவியின் பெயரிலேயே அச்சுக்குக் கொடுக்கவிருப்பதை அப்படி விட்டுவிட முடியவில்லை. விளக்கம் கேட்டு எழுதியதற்கு, ‘படிவத்தின்படி செம்மைப்படுத்தப்பட்டது’ என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. எனவே, கதையின் போக்கைப் பன்னிரண்டு கட்டங்களாகவும் பாத்திரங்களை எட்டு வகைகளாகவும் பிரித்து மதிப்பிடும் அந்தப் படிவத்தைப் பற்றியே பேச வேண்டியிருக்கிறது. எங்கள் பள்ளிக்கு மட்டும் உரிய சிக்கல் இது அன்று என்பதால், எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

மாற்றப்பட்டது அண்ணன்மார் கதை. பொன்னரும் சங்கரும், அவர்கள் தங்கை அருக்காணித் தங்காளும் வாழ்ந்து முடிந்த கதை. கொங்கு நாட்டில் உடுக்கடிப் பாட்டாகப் பல இரவுகள் பாடப்படுவது, பாலக்காட்டுக் கணவாய் வழியே கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த குடும்பங்களோடு எங்கள் பக்கத்து வீடுகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் அப்பத்தா சொல்லச் சொல்லக் கைப்பேசியில் பதிந்து, பிறகு பொறுமையாகத் தாளில் எழுதினாள். அந்தப் பதிவை நானும் கேட்டேன். தலையூர்க் காளியோடும் வேட்டுவரோடும் நடந்த சண்டையை அந்த அம்மா நாலைந்து வாக்கியங்களில் கடந்துவிடுகிறார். ‘படுகளத்துல விழுந்துட்டாங்க சாமி’ என்று சொல்லி நிறுத்துகிறார். தொழுவத்தில் மாடு கத்துவதும் யாரோ குடத்தை நகர்த்துவதும் பதிவில் கேட்கின்றன. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, தங்காள் தன்னந்தனியாகக் காட்டுக்குள் தேடிப் போனதைத் தொடங்குகிறார். கதை விரிவதே அங்கிருந்துதான். எந்தப் பக்கம் போனாள், யாரிடம் கேட்டாள், எதைக் கண்டு நின்று அழுதாள், கிடந்தவர்களை எப்படி எழுப்பினாள், எழுந்தவர்கள் ‘எங்க காலம் முடிஞ்சு போச்சு, நீ ஊட்டுக்குப் போ தாயி’ என்று சொல்லி எப்படி மறுபடியும் சாய்ந்தார்கள் என்று ஒவ்வொன்றாக வருகிறது. மாணவியின் எழுத்திலும் அதே அளவுதான்: போருக்கு அரைப்பக்கம், தங்காளின் தேடலுக்கு மூன்று பக்கம்.

தாங்கள் பார்வைக்கு அனுப்பிய அச்சுப்படியில் போர் மூன்று பக்கம் போகிறது. அண்ணன்மார் வென்று, பகைவரிடமிருந்து மீட்ட செல்வத்தோடு பொன்னிவள நாட்டுக்குத் திரும்புகிறார்கள். தங்காள் கடைசிப் பத்தியில் ஆரத்தித் தட்டோடு வாசலில் நிற்கிறாள். மாணவியின் கையெழுத்துப் படியோடு இணைந்திருந்த படிவத்தில், ‘நாயகன் திரும்பவில்லை; 10, 11, 12 ஆகிய கட்டங்கள் காலி; உச்சக்கட்டம் பலவீனம்’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது.

அந்தப் பதினொன்றாம் கட்டத்தின் பெயர் உயிர்த்தெழுதல். அது காலியாக இருக்கிறது என்று எழுதியவர் கதையைக் கடைசி வரை படித்தாரா என்ற ஐயம் எனக்கு இன்னும் தீரவில்லை. அண்ணன்மார் கதையின் நடுமூச்சே படுகளம் எழுப்புவதுதான். கொங்கில் இந்தக் கதை பாடப்படும் கோயில்களில் படுகளத்துக் கட்டம் வரும்போது அருள் வந்தவர்கள் இறந்தவர்களைப் போலத் தரையில் விழுவதையும், பிறகு அவர்களை எழுப்புவதையும் எங்கள் ஊர்க்காரர்கள் பலரும் போய்ப் பார்த்திருக்கிறார்கள். கதையில் எழுப்புகிறவள் தங்கை. எழுந்தவர்கள் தங்குவதில்லை. தங்கள் படிவமோ, எழுகிறவன் நாயகனாகவும் எழுந்த பின் பரிசோடு வீடு திரும்புகிறவனாகவும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. அப்படி இல்லாததால் கட்டத்தைக் காலி என்று எழுதியிருக்கிறது. தங்கள் அச்சுப்படியில் உள்ளபடி அண்ணன்மார் நலமாக வீடு வந்து சேர்ந்துவிட்டால், அந்தக் கோயில்களில் விழுந்து கிடப்பவர்கள் யாருக்காக விழுந்து கிடக்கிறார்கள் என்பதையும் குழு விளக்கியாக வேண்டும்.

பாத்திரங்களுக்கான எட்டுக் கட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாயகன், வழிகாட்டி, வாயிற்காவலர், தூது கொண்டு வருபவர், உருமாறி, நிழல் அல்லது எதிரி, துணைவர், குறும்பர் என்று எட்டு வகை. ‘துணைவர்’ என்ற இடத்தில் மாணவி ‘பொன்னாச்சி’ என்று எழுதியிருந்தாள். அதை வட்டமிட்டு, ‘நாய், ஏற்ற மனிதப் பாத்திரத்தைக் குறிப்பிடவும்’ என்று எழுதியிருக்கிறார் மதிப்பீட்டாளர். கொம்பன் என்ற பன்றியை வேட்டையாடப் போகும்போது தன்னை மதித்து அழைக்கவில்லை என்று சினந்து ஒதுங்கியதும், அது வந்த பிறகே பன்றி வீழ்ந்ததுமான அந்தச் சின்ன நாயைக் கதை கேட்ட எந்தக் குழந்தையும் மறப்பதில்லை. சொல்லப்போனால், எங்கள் வகுப்பில் சங்கரைவிடப் பொன்னாச்சிக்குத்தான் ஆதரவு அதிகம். அடுத்து, ‘வழிகாட்டி’ என்ற இடத்திலும் ‘எதிரி’ என்ற இடத்திலும் அவள் மாயவர், அதாவது திருமால், பெயரை எழுதியிருந்தாள். ‘இரண்டில் ஒன்றைத் தேர்க’ என்பது அங்கிருந்த குறிப்பு. அவளுடைய அப்பத்தா சொன்ன கதையில் அண்ணன்மாருக்குத் துணை நிற்பவரும் மாயவர்தான், அளந்து கொடுத்த ஆயுள் முடிந்தது என்று கணக்கைத் தீர்ப்பவரும் அவர்தான். பதினான்கு வயதுப் பெண் அதைச் சரியாகப் புரிந்துகொண்டு இரண்டு கட்டங்களிலும் எழுதியிருக்கிறாள். தேர்ந்தெடுக்கச் சொன்னவர்கள் கதையின் ஒரு பாதியைக் கைவிடச் சொல்கிறார்கள்.

இந்தப் படிவம் எங்கிருந்து வந்தது என்பது குழுவில் உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கும். மாணவர்களின் பெற்றோருக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அறிஞர் ஜோசப் கேம்பல் 1949இல் வெளியிட்ட நூலில், உலகத் தொன்மங்கள் பலவற்றுக்கும் அடியில் ஒரே பயணம் இருக்கிறது என்றார்: புறப்பாடு, சோதனைகளால் பக்குவப்படுதல், திரும்புதல் என்ற மூன்று பகுதிகளில் 17 கட்டங்கள். மனிதர் எல்லோருடைய உள்ளத்திலும் உறையும் தொல்படிமங்கள் என்று கார்ல் யுங் சொன்னதையும் அதற்குத் துணையாகக் கொண்டார். 1980களில் ஹாலிவுட்டில் திரைக்கதைகளைப் படித்து மதிப்பிடும் வேலையில் இருந்த கிறிஸ்டோபர் வோக்லர், அதை ஏழு பக்கக் குறிப்பாகச் சுருக்கினார். 17 கட்டங்கள் 12 ஆயின. தங்கள் படிவத்தில் இருப்பவை அந்தப் பன்னிரண்டுதான். திரைக்கதை எழுதப் பழகுகிறவர்களுக்கு அது பயன்படும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. சொந்தக் கற்பனையில் கதை எழுதும் மாணவர்களிடம் நானே அதைக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். ஆனால் கேம்பலே எல்லாக் கதைகளிலும் எல்லாக் கட்டங்களும் இருக்கும் என்று சொல்லவில்லை. ஒன்றிரண்டு கூறுகளை மட்டும் எடுத்துப் பெரிதாக்கும் கதைகள் பல உண்டு என்று அந்த நூலிலேயே எழுதியிருக்கிறார். அவருக்கும் முன்பு, 1928இல் ருஷ்யாவின் விளாதிமீர் பிராப் 31 செயல்களைக் கொண்டு கதையமைப்பை வகுத்தபோது, ருஷ்ய மாயக் கதைகளை மட்டுமே தம் எல்லையாக வைத்துக்கொண்டார். வகுத்தவர்களே இவ்வளவு எச்சரிக்கையாக இருந்த ஒன்றை, கொழிஞ்சாம்பாறையில் ஒரு பாட்டி சொன்ன கதையைத் திருத்தும் சட்டமாக ஆக்கியது யார் முடிவு?

மேல்நாட்டிலிருந்து வந்தது என்பதற்காக நான் இதை எதிர்க்கவில்லை. பாத்திரங்களை வகைகளாகக் காண்பது நமக்குப் புதிதும் இல்லை. அகப்பாடலில் தலைவன், தலைவி, தோழி, செவிலி, நற்றாய், பாங்கன், பரத்தை என்று வகைகளே பேசுகின்றன. ஒருவரைப் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் அகத்திணை இயலில் விதியே வகுத்திருக்கிறது. யுங்கின் தொல்படிமத்தைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர் எவரும் குறுந்தொகையிலிருந்து தொடங்கலாம். ஆனால் அங்கே தோழி தலைவனின் பயணத்துக்குத் துணைப்பாத்திரமாக வரவில்லை. அவளுக்கென்று கூற்று உண்டு; அவள் தலைவனை மறுக்கிறாள், கடிந்துகொள்கிறாள், பொய் சொல்லிக் குறிப்புணர்த்துகிறாள். யாரைச் சுற்றி யார் என்ற வரிசை பாட்டுக்குப் பாட்டு மாறுகிறது. தங்கள் எட்டுக் கட்டங்களில் ஏழு, முதற்கட்டத்தில் இருக்கும் நாயகனுக்கு என்ன பயன் என்பதைக் கொண்டு பெயர் பெற்றவை. தங்காளை அவற்றுள் எதில் வைப்பது என்று தெரியாமல் அந்த மாணவி ஒரு கட்டத்தை அடித்துவிட்டு ஓரத்தில் ‘தங்கச்சி’ என்று எழுதியிருக்கிறாள். அதற்கு மட்டும் மதிப்பீட்டாளர் எந்தக் குறிப்பும் எழுதவில்லை.

இனி, திரும்பாத நாயகனைப் பற்றி. ‘நாயகன் இறந்தபின் கதை ஏது?’ என்று தங்கள் பயிலரங்கில் கேட்கப்பட்டதாக மாணவர்கள் வந்து சொன்னார்கள். தொல்காப்பியப் புறத்திணை இயல் அந்தக் கேள்விக்கு ஆறு சொற்களில் விடை வைத்திருக்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல். போரில் விழுந்தவனுக்காகக் கல்லைத் தேர்ந்து காண்பதில் தொடங்கி, அதை எடுத்து, நீராட்டி, நட்டு, படையல் இட்டு, வாழ்த்துவது வரையிலான வரிசை இது. வீரன் இறந்த பிறகுதான் இந்த வரிசை தொடங்குகிறது. இவற்றைச் செய்பவர்கள் எல்லோரும் உயிரோடு இருப்பவர்கள். இதையே சட்டகமாகக் கொண்டுதான் சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டம் கட்டப்பட்டிருக்கிறது. காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை என்ற தலைப்புகளே அதைச் சொல்லும். முப்பது காதைகளுள்ள அந்நூலில் கோவலன் கொலையுண்பது பதினாறாவது காதையில். தங்கள் படிவத்தின்படி பார்த்தால் அதன் பின் வரும் பதினான்கு காதைகளையும் இளங்கோ வீணாக எழுதியிருக்கிறார். கண்ணகிதான் நாயகர் என்று மாற்றிக்கொண்டாலும், அவளும் வீடு திரும்பவில்லை. மலையேறி வேங்கை நிழலில் நிற்கிறாள். பார்த்த குன்றக் குறவர்கள் அரசனிடம் போய்ச் சொல்கிறார்கள். சேரன் வடக்கே போய்க் கல் கொண்டு வருகிறான். அந்தக் காண்டத்தில் பயணம் போய்த் திரும்புவது கல். இது எங்கோ நடந்த கதையும் அன்று: தேனிக்கும் இடுக்கிக்கும் இடையே எல்லை மலை மேல் உள்ள மங்கலதேவி கோட்டத்துக்குச் சித்திரை முழுநிலவு நாளில் இரண்டு மாநிலத்தாரும் ஏறிப் போகிறார்கள். குழுவினருள் சிலராவது அங்கே போயிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

எழுதப்படாத கதைகளிலும் இதே போக்கைக் காணலாம். குமரி, நெல்லைப் பகுதிகளில் வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், கதைத்தலைவன் அகாலத்தில், அநியாயமாகச் சாவதும் அதனால் தெய்வமாவதுமே இவ்வகைக் கதைகள் பிறந்து வளரும் இடம் என்று காட்டியிருக்கிறார். வில்லுப்பாட்டில் பாடப்படும் முத்துப்பட்டன் மாடு காக்கப் போய் வெட்டுப்பட்டான், அதனால்தான் பாடப்படுகிறான். அவன் பிழைத்து வந்திருந்தால் கோயிலில் கொடை விழா எடுக்க வேண்டியதில்லை, வில் கட்ட வேண்டியதில்லை. திருவிதாங்கூரின் தெற்கில் தமிழில் பாடப்பட்டு வந்த இரவிக்குட்டிப் பிள்ளை கதையிலும் போருக்குப் போக வேண்டாம் என்று தடுப்பவர்கள் வீட்டுப் பெண்கள், அவன் தயங்கவில்லை. ‘அழைப்பை மறுத்தல்’ என்ற தங்கள் மூன்றாம் கட்டத்தில் யார் பெயரை எழுதுவது?

தாங்கள் திருப்பி அனுப்பிய நல்லதங்காள் கதையைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. பஞ்சத்தில் ஏழு குழந்தைகளோடு பிறந்த வீட்டுக்கு வந்தவளை அண்ணி விரட்டினாள், அவள் குழந்தைகளைக் கிணற்றில் எறிந்து தானும் விழுந்தாள் என்ற கதை பிள்ளைகளுக்கு ஏற்றதா என்று தாங்கள் கேட்டிருந்தால், அது நியாயமான கேள்வி, உட்கார்ந்து பேசியிருப்பேன். ‘கதாநாயகி செயலற்றவள், மாற்றம் அடையவில்லை’ என்று எழுதியிருந்ததுதான் எரிச்சலாக இருந்தது.

கதை கேட்பவர்களுக்கு நம்பிக்கை தர வேண்டும், ஆதலால் மீண்டு வரும் முடிவு தேவை என்று தாங்கள் சொல்லக்கூடும். எங்கள் மாவட்டத்திலேயே உள்ள தோல்பாவைக்கூத்தைப் பாருங்கள். பகவதி கோயில் கூத்துமாடத்தில் திரைக்குப் பின்னால் 21 விளக்குகளை ஏற்றி, கம்பனின் பாடல்களைச் சொல்லிப் பொருள் விரித்து, புலவர்கள் இரவு முழுவதும் ஆட்டுவிக்கிறார்கள். தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக் கொண்டிருந்ததால் இராவணன் வதத்தைக் காணத் தவறிய பத்ரகாளிக்காகவே அது நடக்கிறது என்பது வழக்கு. மாடத்துக்கு முன்னால் ஓர் ஆள் இல்லாத இரவுகளிலும் அது நிற்பதில்லை. அந்தக் கதையில் இராமன் திரும்பித்தான் வருகிறான், முடிசூடத்தான் செய்கிறான். தங்கள் பன்னிரண்டு கட்டங்களும் பெரும்பாலும் நிரம்பிவிடும். ஆயினும் கும்பகர்ணனைத் தங்கள் எட்டு வகையில் எங்கே வைப்பீர்கள்? அண்ணன் செய்தது தவறு என்று அவனுக்கே தெரியும். வளர்த்துப் போர்க்கோலம் செய்துவிட்டவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்று தம்பி வீடணனிடம் சொல்கிறான். ‘நிழலின் துணைவன்’ என்று குறித்துவிட்டால் படிவம் நிறைந்துவிடும், கம்பன் போய்விடுவான். நம்பிக்கை கிடைக்கும் இடமும் ஒன்று மட்டும் இல்லை. அந்த அப்பத்தாவின் பதிவில் தங்காள் தேடிப் போவதைக் கேட்டுக்கொண்டிருந்த பேத்தி, ‘அப்புறம் அவங்க கெடச்சாங்களா?’ என்று இரண்டு இடங்களில் குறுக்கே கேட்கிறாள். போரைச் சொன்னபோது அவள் எதுவுமே கேட்கவில்லை.

எனவே குழுவிடம் நான் கேட்பவை இவை. முதலாவதாக, அண்ணன்மார் கதையை மாணவி எழுதிக் கொடுத்தபடியே, தங்காளின் மூன்று பக்கங்களும் குறையாமல் வெளியிட வேண்டும். எழுத்துப்பிழை திருத்துவதற்கு மறுப்பில்லை. அது முடியாது என்றால் கதையையே நூலிலிருந்து விலக்கிக்கொண்டு, கையெழுத்துப் படியைத் திருப்பித் தர வேண்டும். மாற்றிய வடிவம் எந்த நிலையிலும் அவள் பெயரில் அச்சாகக் கூடாது. அவளும் அவள் பெற்றோரும் இதற்கு இசையவில்லை என்பதைக் கையொப்பமிட்டுத் தனியாக அனுப்பியிருக்கிறார்கள். மற்றப் பள்ளிகளின் கதைகளிலும் இவ்வாறு முடிவு மாற்றப்பட்டிருந்தால், அந்த ஆசிரியர்களுக்கும் அச்சுக்கு முன்பே தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும்.

அடுத்ததாக, வாய்மொழியாகக் கேட்டு எழுதிய கதைகளுக்கு இந்தப் பன்னிரண்டு கட்டப் படிவத்தை மதிப்பெண் அளவுகோலாகப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும். அதற்குப் பதிலாக, கதையைச் சொன்னவர் யார், எந்த ஊரில், எந்தச் சமயத்தில், யார் முன்னிலையில் சொன்னார், எந்தப் பகுதியை விரித்தார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று கேட்கும் ஒரு தாள் போதும். சொன்னவர் இசைந்தால் அவர் பெயரும் மாணவர் பெயருக்கு மேலே வர வேண்டும். கற்பனைக் கதைப் பிரிவுக்கு அந்தப் படிவத்தை விரும்பும் மாணவர் துணைக்கு வைத்துக்கொள்ளட்டும், கட்டாயம் வேண்டாம்.

தேர்வுக் குழுவில் உடுக்கடிப் பாடகர் ஒருவரையும் பாவைக்கூத்துப் புலவர் ஒருவரையும் சேர்க்க வேண்டும். அவர்களுக்குப் பட்டமோ எழுத்துச் சான்றோ கேட்க வேண்டாம். மற்ற உறுப்பினர்களுக்குத் தரும் மதிப்பூதியமும் வழிச்செலவும் அவர்களுக்கும் தரப்பட வேண்டும். திருப்பி அனுப்பப்பட்ட கதைகளை அந்தக் குழு மறுபடியும் படித்து, மறுப்பதாயின் காரணத்தை மாணவர்களுக்குப் புரியும் தமிழில் எழுதித் தர வேண்டும்.

இவற்றுக்கான பதிலை நூல் அச்சகத்துக்குப் போவதற்கு முன்பு எழுத்தில் எதிர்பார்க்கிறேன். முடிவெடுக்கும் கூட்டத்தில் அந்த அப்பத்தாவின் பதிவை முழுமையாக ஒலிக்கச் செய்ய வேண்டும் என்பதும் என் கோரிக்கை. படி என்னிடம் இருக்கிறது. நாளும் இடமும் சொன்னால் நானே கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியர்,
கொழிஞ்சாம்பாறை.